சாந்தோம் கரையில் எல்லை வகுத்தோர்

விழா மலர்களில் பங்கின் வரலாற்றை எழுதுவோர் ஆலயத்தின் அடிக்கல்லிலிருந்து தொடங்குவது வழக்கம். அடிக்கல் நாட்டிய ஆண்டு, மந்திரித்த ஆயர், பணிபுரிந்த குருக்களின் வரிசை ஆகியவை இம்மலரின் வேறு பக்கங்களில் இடம்பெற்றுள்ளன. நாம் இங்கு ஆலயத்திற்கும் மூத்த ஒன்றைப்பற்றி எழுத விழைகிறோம். அதுவே நம் பங்கின் கிழக்கெல்லையாக விளங்கும் கடற்கரை. நொச்சிக்குப்பம், டுமீங்குப்பம், முள்ளிக்குப்பம், சீனிவாசபுரம், அடையாற்று முகத்துவாரத்தைத் தாண்டினால் ஊரூர், ஆல்காட் குப்பம் என்று நீளும் இக்கரையின் குடிகளுக்கும் அரசுகளுக்கும் இடையே நூற்றாண்டுகளாக ஒரு வழக்கு நடந்து வருகிறது. கடலிலும் கரையிலும் எல்லைகளை வகுப்பது யார், யாரைக் கேட்டு வகுப்பது என்பதே அவ்வழக்கு.

சாந்தோம் பேராலயத்தின் பின்புறம், கடலை நோக்கி ஒரு கம்பம் நிற்பதை நம் மக்கள் அனைவரும் அறிவர். புனித தோமையார் அதை நாட்டி, கடல் இதைத் தாண்டாது என்று சொன்னதாக வழிவழி மரபு கூறும். 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ல் ஆழிப்பேரலை வந்தபோது பலர் அம்மரபை நினைவுகூர்ந்தனர். நாம் அதை மரபாகவே போற்றுகிறோம். வரலாறாக எழுதத் துணியவில்லை. ஆனால் அக்கம்பத்தினருகே நிற்கும்போதெல்லாம் நமக்கு ஓர் எண்ணம் எழுவதுண்டு. கடலுக்கு எல்லை குறித்தவர் இறைவன் என்று யோபு ஆகமம் கூறுகிறது. அப்படியிருக்க, அக்கடலை நம்பி வாழும் ஏழைக்கு எல்லை குறிக்கும் உரிமையை மனிதர் எங்கிருந்து பெற்றனர்?

குன்றும் கோபுரமும்

படிப்பறியா மீனவருக்குக் கடல் வெறும் நீர்ப்பரப்பு என்று நகரத்தார் நினைப்பர். இது பெரும் பிழை. நம் பங்கின் மூத்த மீனவர் ஒருவருடன் நாம் ஒருநாள் மாலை மணலில் அமர்ந்து பேசிக்கொண்டிருந்தோம். வாடை, கொண்டல், கச்சான் என்று காற்றுக்குப் பெயர். தெற்கே இழுக்கும் நீரோட்டத்துக்கு ஒரு பெயர், வடக்கே இழுக்கும் நீரோட்டத்துக்கு வேறொரு பெயர். எந்தக் காற்றில் எந்த மீன், எந்தப் பாறையின் ஓரத்தில் எந்த வலை என்று அவர் சொல்லிக்கொண்டே போனார். பாறை நீருக்கடியில் இருக்க, அதன் இடத்தை எங்ஙனம் அறிவீர்கள் என்று கேட்டோம். கரையில் தெரியும் இரண்டு அடையாளங்களை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பார்களாம். பேராலயத்தின் கூர்மாடம், பறங்கிமலைக் குன்று, கலங்கரை விளக்கம் ஆகியவை அவருடைய அடையாளங்கள். நாம் ஜெபிக்க நோக்கும் கோபுரத்தை அவர் பிழைக்க நோக்குகிறார்.

அறிவு மட்டுமன்று, ஒழுங்கும் அவர்களிடம் உண்டு. சோழமண்டலக் கரை நெடுகிலும் மீனவர் ஊர்ப் பஞ்சாயத்துகள் எந்த வலையை எப்போது இடலாம், எதை விலக்க வேண்டும், பூசலுக்கு என்ன தீர்வு என்று தீர்ப்புச் சொல்லி வந்துள்ளன. சென்னைக்கு வடக்கே பழவேற்காட்டு ஏரியில் பாடு என்னும் முறை உண்டு. நல்ல மீன்பிடி இடங்களைச் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். இன்று ஒருவனுக்குக் கிடைத்த நல்ல இடம் மறுமுறை வேறொருவனுக்குப் போகும். நீர்ப்பரப்பைத் திட்டமிட்டுப் பங்கிடுவது இக்காலத்து நிபுணர்கள் கண்டுபிடித்த கலை என்று எண்ணுவோர் ஒருமுறை பழவேற்காடு சென்று வருவது நலம்.

பரங்கியரும் துறைமுகமும்

கடற்குடிகளும் அரசும் கூடி ஏற்பாடு செய்துகொண்டதற்கு நம் திருச்சபை வரலாற்றிலேயே சான்று உண்டு. முத்துக்குளித்துறையின் பரதவர் 1535 முதல் 1537 வரை ஞானஸ்நானம் பெற்றபோது, விசுவாசத்தோடு முத்துச்சலாபத்தின் பாதுகாப்பும் பேசப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. புனித சவேரியார் அங்கு வந்தது 1542-ல். மயிலைக்கு வந்து தோமையார் கல்லறையருகே தங்கியது 1545-ல். பரதவரின் ஜாதித் தலைவன் போர்த்துக்கீசியரோடும், 1658-ல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக்காரரோடும், பின்னர் ஆங்கிலேயரோடும் சலாபம்பற்றிப் பேசி உரிமை பெற்றவராக விளங்கினார். அது நீதியான ஏற்பாடு என்று நாம் வாதிடவில்லை. முத்தின் பெரும்பயன் அயலாருக்கே சென்றது. ஆயினும் கடலை அறிந்தவனைக் கேளாமல் கடலை ஆள இயலாது என்பதைப் பேராசைக்கார வணிகரும் உணர்ந்திருந்தனர்.

மயிலை மறைமாவட்டம் 1606-ல் நிறுவப்பட்டது. 1639-ல் ஆங்கிலேயர் வடக்கே சிறிது தூரத்தில் நிலம் பெற்றுக் கோட்டை கட்டினர். அவர்களுடைய கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையைக் கடந்து சரக்கும் ஆளும் ஏற்றி இறக்கியவர்கள் மசூலாப் படகுக்காரரும் கட்டுமரக்காரருமே. துறைமுகம் கட்டும் வேலை 1875-ல் தொடங்கிற்று. 1881-ல் புயல் அதை உடைத்தும், மீண்டும் கட்டி முடித்தனர்.

அதன் விளைவை நாம் நாள்தோறும் கண்டும் உணர்வதில்லை. நம் கரையில் ஆண்டின் பெரும்பகுதி அலை மணலைத் தெற்கிலிருந்து வடக்கே தள்ளிச் செல்கிறது. வாடைக் காலத்தில் சில மாதங்கள் மட்டும் இது திரும்பும். கடலுக்குள் நீண்ட துறைமுகச் சுவர் அம்மணலைத் தடுத்தது. தெற்கே மணல் குவிந்து மெரினா அகன்றது. வடக்கே மணல் வரத்தின்றி இராயபுரம் பக்கம் கரை அரிக்கப்பட்டது. கவர்னர் கிராண்ட் டஃப் 1880-களில் உலாவும் பாதை அமைத்து மெரினா என்று பெயரிட்ட அழகு ஒருபுறம். வடசென்னைக் குப்பங்கள் இழந்த வீடுகள் மறுபுறம். இரண்டும் ஒரே சுவரின் பிள்ளைகள். கடலில் ஓரிடத்தில் வைத்த கல் வேறிடத்தில் வாழ்பவனின் வாசலைப் பெயர்க்கும் என்பது அன்றே தெரிந்த பாடம்.

மூன்று கடல் மைல்

விடுதலைக்குப்பின் மீன்வளத்தைப் பெருக்க அரசு முனைந்தது. 1952-ல் நார்வே நாட்டுடன் ஓர் ஒப்பந்தம் செய்யப்பட்டுக் கேரளத்தின் கொல்லம் பகுதியில் விசைப்படகுகள் அறிமுகமாயின. நோக்கம் நல்லதே, ஏழை மீனவன் உயர வேண்டும் என்றுதான் திட்டம் தீட்டினர். ஆனால் இறாலுக்கு அயல்நாட்டில் விலை ஏறியதும், இழுவை மடி போடும் படகுகள் பெருகின. அவற்றை வாங்கியவர் பலர் கடலில் இறங்காத முதலாளிகள். இழுவை மடி கடலின் அடித்தரையை வாரிச் சென்றது. கட்டுமரக்காரரின் வலைகளையும் அறுத்துச் சென்றது. 1970-களில் தமிழகக் கரையில் இரு சாராரும் மோதி உயிர்ச்சேதமும் நேர்ந்தது.

அந்நாளில் நாட்டுப்படகு மீனவர் நாடளாவிய அமைப்பாக ஒன்றுகூடினர். அதன் பணியில் குருக்களும் கன்னியரும் தோள் கொடுத்தனர். இரட்சகர் சபைக் குருவான தாமஸ் கோச்சேரி பின்னர் அதன் தலைவராகி நாடறிந்தார். 1989-ல் இரு கரைகளிலிருந்தும் மீனவர் நடைப்பயணமாகப் புறப்பட்டு, நீரைக் காப்போம், வாழ்வைக் காப்போம் என்ற முழக்கத்தோடு மே முதல் நாள் கன்னியாகுமரியில் கூடினர்.

இத்தகைய போராட்டங்களின் பயனாக வந்ததே 1983-ஆம் ஆண்டின் தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம். கரையிலிருந்து மூன்று கடல் மைல், அதாவது ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர், நாட்டுப்படகுக்கு உரியது. விசைப்படகு அதற்கப்பால் செல்ல வேண்டும். மீன்கள் முட்டையிடும் காலத்தில் கிழக்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடை 2001 முதல் 45 நாள், 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாள் என்று பின்னர் ஏற்பட்டது. ஆனால் ஏட்டிலிருக்கும் கோடு நீரில் தெரிவதில்லை. 2025 ஜனவரியில் சென்னைக் கரையோரம் ஆயிரத்திற்கும் மேற்பட்ட பங்குனி ஆமைகள் இறந்து ஒதுங்கியதை நம் பிள்ளைகள் கண்டு கலங்கினர். கரையருகே இழுத்த மடிகளில் சிக்கி மூச்சடைத்திருக்கலாம் என்றே பலரும் கருதினர். அக்கோடு மதிக்கப்பட்டிருந்தால் ஆமையும் பிழைத்திருக்கும், கட்டுமரக்காரனும் பிழைத்திருப்பான்.

ஒரே ஆண்டு, இரு கரைகள்

1985-ஆம் ஆண்டை நாம் மறக்க இயலாது. மெரினாவை அழகுபடுத்தும் திட்டத்தின் பேரில் கட்டுமரங்களையும் வலைகளையும் மணலிலிருந்து அகற்ற அரசு முற்பட்டது. நடுக்குப்பம், அயோத்திக்குப்பம் முதலிய ஊர்களின் மக்கள் எதிர்த்து நின்றனர். துப்பாக்கிச் சூடு நடந்தது; உயிர்கள் பலியாயின. அப்போது நாம் பள்ளிச் சிறுவர். வீட்டில் பெரியோர் தாழ்ந்த குரலில் பேசிக்கொண்டது இன்றும் செவியில் உள்ளது. கட்டுமரம் கிடந்தால் கடற்கரை அழகிழக்கும் என்று எண்ணியவர்களின் கண்ணைப்பற்றி என்ன சொல்வது!

அதே 1985-ன் பிற்பகுதியில் உலகின் மறுகோடியில், கனடா நாட்டின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஹைடா க்வாய் தீவுகளில், ஹைடா என்னும் பூர்வகுடி மக்கள் தங்கள் காட்டை வெட்ட வந்த வண்டிகளை மறித்து நின்றனர். முதியோர் மரபுடை அணிந்து முன்வரிசையில் இருந்தனர். எழுபதுக்கும் மேற்பட்டோர் கைதாயினர். ஆனால் அங்கு கதை வேறு வழி திரும்பியது. 1993-ல் கனடா அரசும் ஹைடா மன்றமும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டன. இந்நிலம் எங்களுடையது என்று இரு தரப்பும் தத்தம் கூற்றை அதே ஏட்டில் எழுதி வைத்தன. யார் சொல்வது சரி என்ற வழக்கை ஒத்திவைத்து, அதைக் காக்க இரு தரப்பிலும் சம எண்ணிக்கையுள்ள குழுவொன்றை அமைத்தன. 2010-ல் சூழ்ந்திருக்கும் கடலுக்கும் அம்முறை விரிந்தது. பின்னர் பிரிட்டிஷ் கொலம்பியா மாநில அரசும் பதினைந்துக்கும் மேற்பட்ட பூர்வகுடிகளும் 2011-ல் கூடி அமர்ந்து, எந்தக் கடற்பகுதி காப்பதற்கு, எது மீன்பிடிக்க, எது பிற தொழிலுக்கு என்று வகுத்து, 2015-ல் நான்கு பகுதிகளுக்கும் திட்ட ஏடுகளை முடித்தனர். விஞ்ஞானியின் அளவைக்குப் பக்கத்தில் மூதாட்டியின் நினைவும் சான்றாக ஏற்கப்பட்டது. நடுவணரசு அவ்வேலையில் சேராதது பெருங்குறை. ஏனெனில் மீன்பிடிப்பும் கப்பல் போக்கும் அங்கு அதன் கையில் உள்ளன. குறையோடும் அது ஒரு பெரிய தொடக்கம்.

நம் மீனவருக்குப் பூர்வகுடி என்ற சட்டப்பெயர் இல்லை. பழங்குடியினர் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்ற கோரிக்கை நெடுநாளாய் நிற்கிறது. பெயர் எதுவாயினும், நெய்தல் நிலமும் அதன் மாந்தரும் சங்க நூல்களிலேயே உள்ளனர் என்பதை மறுப்பார் இல்லை.

வரைபடத்தில் விடுபட்டவர்

1991 பிப்ரவரி 19-ல் நடுவணரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையை வெளியிட்டது. உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டடங்களுக்குக் கட்டுப்பாடு வந்தது. 2011-ல் வந்த புதிய அறிவிக்கை ஒருபடி மேலே சென்று, கரையோர வரைபடங்களில் மீனவர் ஊர்களையும், படகு நிறுத்தும், வலை காயவைக்கும், மீன் உலர்த்தும் பொதுவிடங்களையும் குறிக்க வேண்டும் என்றது. 2019-ல் அது மீண்டும் மாற்றப்பட்டது. கட்டடங்களுக்கான சில கட்டுப்பாடுகள் தளர்ந்தன.

வரைபடத்தில் இடம் பெறாதவன் நிலத்திலும் இடம் பெறமாட்டான். ஆகையால் இது காகித வேலை என்று அலட்சியம் செய்யத் தக்கதன்று. 2023-ல் தமிழகத்தின் வரைவு வரைபடங்கள் மக்கள் கருத்துக்கு வைக்கப்பட்டபோது, எங்கள் குப்பம் எங்கே, எங்கள் வலைத்திடல் எங்கே என்று மீனவர் கேட்டனர். பல இடங்களில் அவர்களே கூடி, தங்கள் பொதுவிடங்களை நடந்து அளந்து வரைபடம் ஆக்கினர். அறுபது வயது மீனவர் இளைஞனின் கைப்பேசியில் தம் ஊரின் எல்லையைக் குறிக்கும் காட்சி நமக்கு ஒரு மறைக்கல்வி வகுப்பைவிட அதிகம் கற்பித்தது.

ஆழிப்பேரலைக்குப் பின்னும் இவ்வாறே ஒரு சோதனை வந்தது. கரையோர ஆலயங்களும் பள்ளிகளும் வீடிழந்தோர்க்குத் திறக்கப்பட்டன, தானமும் குவிந்தது. 2005-ல் வந்த வீட்டு வசதி ஆணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தோர் உள்ளே சென்றால் புது வீடு உண்டு என்றும், செல்ல விரும்பாதோர் இருக்கலாம், ஆனால் உதவி இல்லை என்றும் கூறிற்று. உயிரைக் காக்கும் நோக்கம் அதில் இருந்ததை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அலையின் நிறத்தைப் பார்த்து வலையெடுக்கும் மனிதனைத் தொலைவில் குடியேற்றினால், உயிர் தப்பும், பிழைப்பு தப்புமா? அவன் விட்டுச்சென்ற மணலில் பின்னர் யார் வந்து அமர்வார்? இவ்வச்சத்தாலேயே பலர் கரையை விட்டு அகலவில்லை.

நம் பங்கு செய்த பிழை

இனி நம்மைப் பற்றியும் எழுத வேண்டும். விழா மலரில் புகழ்ச்சி மட்டுமே இருக்க வேண்டும் என்ற விதி ஏதும் இல்லை.

கலங்கரை விளக்கத்திலிருந்து பட்டினப்பாக்கம் செல்லும் லூப் சாலையில் மீன் விற்கும் பெண்களால் நெரிசல் உண்டாகிறது என்று சில ஆண்டுகளுக்கு முன் நம் பங்கின் அன்பர் சிலர் ஒரு மனு எழுதினர். வாகனத்தில் பிள்ளைகளைப் பள்ளிக்கு அழைத்துச் செல்வோரின் துன்பம் மெய்யானதே. அவர்கள் வேண்டியபடி நாமும் கையொப்பமிட்டோம். மனு ஓர் அலுவலகத்திற்குச் சென்றது.

அடுத்த செவ்வாய்க்கிழமை, அந்தோணியார் சுரூபத்தின் முன் வாரந்தோறும் மெழுகுவர்த்தி ஏற்ற வரும் ஓர் அம்மா நம்மிடம் வந்தார். இந்துக் குடும்பத்தவர், கணவர் கடலோடி, அவர் சங்கராவும் நெத்திலியும் விற்பவர். “சாமி, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்காதீங்க. ரோட்டு மேல நாங்க வந்தோமா, எங்க மேல ரோடு வந்துச்சா?” என்றார். நாம் விடை சொல்லவில்லை. “கேளுங்கம்மா, தப்பில்லை” என்று மட்டும் சொன்னோம். அவர், “எங்க மாமியா இங்கதான் கூடை வெச்சாங்க, அப்போ இங்க மணலு” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. குருமடத்தில் ஏழைகளுக்கான முன்னுரிமைபற்றி நாம் எழுதிய தேர்வுத் தாள்கள் நினைவுக்கு வந்தன. மதிப்பெண் நன்றாகவே பெற்றிருந்தோம். மறுநாள் மனுவெழுதிய அன்பர்களை அழைத்து, அந்த அம்மாவின் கேள்வியை அப்படியே சொன்னோம். சிலர் வருந்தினர், சிலர் சினந்தனர். நம் கையொப்பத்தைத் திரும்பப் பெற்றுக் கடிதம் எழுதினோம்.

2023 ஏப்ரலில் அப்பிரச்சினை உயர் நீதிமன்றம் சென்றதும், கடைகள் அகற்றப்பட்டதும், மீனவர் சாலையில் வலையும் படகும் வைத்து மறித்ததும் செய்தித்தாள்களில் வந்தவை. பின்னர் ஒழுங்குமுறையோடு விற்பனை தொடர வழி ஏற்பட்டது. 2024 ஆகஸ்டில் நொச்சிக்குப்பத்தில் முந்நூற்றுக்கும் மேற்பட்ட கடைகளோடு புதிய மீன் அங்காடி திறக்கப்பட்டது. தண்ணீரும் கூரையும் உள்ள அங்காடி நல்லதே. ஆயினும் எல்லோர்க்கும் இடம் கிடைத்ததா, வாங்குவோர் உள்ளே வருவாரா, படகு இறங்கும் இடத்துக்கும் விற்கும் இடத்துக்கும் உள்ள உறவு அறுந்துவிடாதா என்று அப்பெண்கள் கேட்கும் கேள்விகள் கட்டடம் எழும்பிய பின் கேட்கத் தக்கவை அல்ல. வரைபடம் போடும் மேசையிலேயே கேட்டிருக்க வேண்டியவை.

கூடி அமர்தல்

இன்று கடல்வெளித் திட்டமிடல் என்று ஒரு புதிய பேச்சு எழுந்துள்ளது. நார்வே நாட்டோடு 2019-ல் ஏற்பட்ட உடன்பாட்டின்படி புதுச்சேரியும் இலட்சத்தீவும் முதல் சோதனைக் களங்களாகத் தேர்ந்தெடுக்கப்பட்டு, 2023-ல் புதுச்சேரிக்கான திட்ட அமைப்பு வெளியாயிற்று. பள்ளிக்கரணையிலுள்ள தேசிய கடலோர ஆராய்ச்சி மையம் இதில் பணிபுரிகிறது. விசைப்படகு தந்த அதே நாட்டோடு, எழுபது ஆண்டு கழித்து, கடலைப் பங்கிடும் பேச்சு நடப்பது வரலாற்றின் வியப்பு. நாளை இத்திட்டம் நம் கரைக்கும் வரலாம். அன்று மேசையைச் சுற்றி யார் அமர்வார் என்பதே நம் கவலை.

தமிழகத்தில் இரு முன்மாதிரிகள் உள்ளன. 1986-ல் மன்னார் வளைகுடாவில் 21 தீவுகளைச் சூழ்ந்து தேசியப் பூங்கா அமைந்தது. அங்கு மீன் பிடித்தவரும் கடற்பாசி எடுத்த பெண்களும் ஒரே கோட்டில் குற்றவாளிகளாயினர். 2022-ல் பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பில் கடற்பசுக் காப்பகம் அறிவிக்கப்படுமுன் மீனவரோடு கலந்து பேசப்பட்டது. வலையில் சிக்கிய கடற்பசுவை மீனவரே கடலில் விடுவிக்கின்றனர். இவ்விரண்டுக்கும் இடையே 36 ஆண்டுகள். பாடம் கற்க நமக்கு அவ்வளவு காலம் ஆகியுள்ளது. சிறுமீனவரின் நில, நீர் உரிமையையும் முடிவெடுப்பதில் அவர்களது பங்கையும் வலியுறுத்தும் வழிகாட்டு நெறிகளை 2014-ல் உலக உணவு வேளாண்மை நிறுவனத்தில் நாடுகள் ஏற்றுக்கொண்டன. இந்தியாவும் அவற்றுள் ஒன்று.

அன்பார்ந்த பங்கு மக்களே! அரசாங்கக் காரியத்தில் ஆலயத்துக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். வரைபடம் மக்கள் பார்வைக்கு வரும்போது அதைத் தமிழில் படித்துக் காட்டப் படித்தவர் நம் பங்கில் பலர் உள்ளனர். பொறியாளர் உண்டு, வழக்கறிஞர் உண்டு, ஓய்வு பெற்ற அதிகாரிகள் உண்டு. கூட்டம் நடத்த நம் மண்டபம் உண்டு. இவ்விழா ஆண்டிலிருந்து அம்மண்டபத்தைக் குப்பத்தார் எம்மதத்தவராயினும் கட்டணமின்றிப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பங்குப் பேரவை முடிவு செய்துள்ளது. மனு எழுதிய அன்பர்களுள் ஒருவரே அத்தீர்மானத்தை முன்மொழிந்தார் என்பதை மகிழ்வோடு பதிவு செய்கிறோம்.

செவ்வாய்தோறும் அந்த அம்மா இன்றும் வருகிறார். அங்காடியில் அவருக்கு ஓர் இடம் கிடைத்துள்ளது. வியாபாரம் முன்போல் இல்லை என்கிறார். அவர் கேட்ட கேள்விக்கு நாம் இன்னும் நேர்விடை சொல்லவில்லை. இம்மலரில் சொல்லி விடுகிறோம்: அம்மா, ரோடுதான் உங்கள் மேல் வந்தது.